விரலுக்குத் தெரியாத எழுத்துகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் எழுத்து ஒட்டினோம்.

கறுப்புத் துணியில் வெள்ளையாக அச்சான ஆங்கில எழுத்துகள். அப்பா சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்தார். நான் பிளைவுட் சில்லுகளில் பசை தடவி ஒட்டினேன். பட்டறைக்கு விடுமுறை. அச்சு மேசைமேலேயே வேலை நடந்தது.

“ஈ எழுத்து எத்தன வருது பாரு கண்ணு. வெள்ளக்காரனுக்கு ஈ இல்லீன்னா வாயே தொறக்காதாட்ட இருக்குது.”

“பேசாம வெட்டுங்கப்பா. ஜி கோணலா வந்திருக்குது.”

“சரக்கு வாங்கற பையரே ஒண்ணும் சொல்றதில்ல. நீ பெரிய இன்ஸ்பெக்சன்காரி.”

பசை காய்ந்ததும் எல்லாச் சில்லுகளையும் ஒரு பனியன் துணிப் பையில் போட்டுக் குலுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டார். ஒன்றைக் கட்டைவிரலால் தடவினார்.

“கே” என்றார். எடுத்தால் ஆர்.

“டி.” எடுத்தால் ஓ.

“இது நிச்சியம் எம்மு.” எடுத்தால் எழுத்தே இல்லாத வெற்றுச் சில்லு.

“ஒண்ணுமே தெரியல கண்ணு!” என்று சிரித்தார். ஒன்றும் தெரியாமல் போனதற்காக ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பையின் வாயைக் கட்டி மொபெட்டின் முன்கொக்கியில் மாட்டினார். “செவ்வாக்கெழம அருள்புரம் போயி பாண்டிகிட்டக் குடுத்துட்டு, அப்புடியே சொல்லீட்டும் வந்தர்றேன்.”

“இன்னைக்கே போறதுக்கு என்னங்கப்பா?”

“இன்னைக்கு அவிங்க சர்ச்சுக்குப் போயிருப்பாங்க. நாளைக்கு நமக்கு டெலிவரி. செவ்வாக்கெழமன்னா செவ்வாக்கெழமதான்.”

திங்கட்கிழமை காலை அச்சு மேசை ஓரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். 2009ஆம் வருடம்.

அப்பா பெயர் கன்னையன். மண்ணரையில் சின்னப் பிரின்டிங் பட்டறை. டி-சர்ட் நெஞ்சில் வருகிற எழுத்தும் படமும் அவர் கையால் போகும். படித்தது பத்தாவது. ஆங்கிலம் டி-சர்ட்டில் இருந்து வந்தது. அதனால் அது நெஞ்சளவு ஆங்கிலம் என்று அம்மா சொல்வாள். அம்மா பெயர் கோமளா. அப்பாவைக் கிண்டல் செய்வதை அவள் சமையலைப்போல வேளை தவறாமல் செய்தாள்.

அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பொருள் தெரியாத சொல்லை அச்சடிக்க மாட்டார். ஆர்டர் கொண்டுவரும் கம்பெனி மெர்ச்சன்டைசர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

“அண்ணா, பையர் அனுப்புன ஆர்ட்வொர்க்குங்க. அடிச்சுக் குடுங்க, போதும்.”

“கொழந்த சைஸுங்க இது. என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாம ஒரு கொழந்த நெஞ்சுல எப்புடிங்க எழுதறது?”

அதற்காகவே பழைய பேப்பர் கடையில் தடியான அகராதி ஒன்றை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் யாரோ மீசை வரைந்திருந்தார்கள். கடைசிப் பக்கங்கள் இல்லை. டபிள்யூ பாதியில் நின்றுவிடும். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் அப்பாவின் உலகத்தில் கிடையாது. ஒருமுறை இசட்டில் தொடங்கும் ஒரு சொல் அச்சுக்கு வந்தது. அப்பா ஆர்டரையே திருப்பி அனுப்பினார். வேறு பட்டறை அதை அடித்தது. அது ஏதோ ஒரு ஊரின் பெயர்.

ஜெயபாண்டி சித்தப்பா எங்கள் வரிசையில் பிலிம் கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் டிசைனைப் போட்டுக் கண்ணாடிபோன்ற பிலிமில் எடுத்துத் தருவார். அதை வைத்துத்தான் அச்சடிக்கும் ஸ்கிரீன் செய்ய முடியும். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். வீடு அருள்புரத்தில். அப்பாவைவிட நாலைந்து வயது இளையவர், நாலைந்து மடங்கு வாய். அப்பா யாருக்கும் மரியாதை குறைக்காதவர். அவரையும் ‘வாங்க பாண்டி, போங்க பாண்டி’ என்பார். அவர் அப்பாவை ‘அண்ணே’ என்பார். அப்பாவுக்குச் சொல் பைத்தியம் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். அதற்குத் தீனி போட்டதும் அவர்தான்.

2008இல் மின்வெட்டு வந்தது. பகலில் மணிக்கணக்கில் கரன்ட் இருக்காது. பட்டறை நிற்கும். பிலிம் கடையும் நிற்கும். ஒரு மத்தியானம் சித்தப்பா ஒரு ஸ்கிராபிள் அட்டைப் பெட்டியோடு வந்தார். பைக்குள் பார்க்காமல் கையை விட்டு எழுத்துச் சில்லுகளை எடுத்து, பலகையில் ஆங்கிலச் சொல்லாகச் சேர்க்கிற ஆட்டம்; இசட், க்யூ போன்ற அரிய எழுத்துக்குப் புள்ளி அதிகம். சில்லுகள்கூட அட்டைதான். சும்மா இருந்த இரண்டு பேர் அச்சு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் இன்ஜினியர். சனிக்கிழமை ஊருக்கு வருவேன். அதனால் பல ஆட்டங்கள் என் கண்முன் நடந்தன.

இரண்டு பேருக்கும் ஒரே அகராதி. அதிலும் வால் இல்லை. ஆகவே ஒரு சட்டம் போட்டார்கள். சொல்லை வைத்தவர் அதன் பொருளை அம்மாவிடம் தமிழில் சொல்ல வேண்டும். அம்மா ஒத்துக்கொண்டால் சொல் செல்லும். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள்.

திருப்பூர்க்காரனுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு. வேறு ஊரில் புருவத்தை உயர்த்துகிற சொல்லெல்லாம் இங்கே டீக்கடைப் பேச்சு. பிக்கே என்றால் காலர் பனியன் துணி. ஸ்லப் என்றால் நூலில் விழும் முடிச்சுத் தடிப்பு. வேல் என்றால் பின்னலில் மேலிருந்து கீழே போகும் வரிசை. பிளாக்கெட் என்றால் கழுத்துக்குக் கீழே பட்டன் வைக்கும் பட்டி. இதற்கெல்லாம் அம்மா தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள். “தெரியுமுங்க, அடுத்தது” என்பாள்.

மற்றவற்றில்தான் சிக்கல்.

அப்பா இரண்டே எழுத்தில் ‘ஆய்’ என்று வைத்தார். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏனுங்க, சாப்புடற நேரத்துல?”

“தென்னமெரிக்காவுல இருக்கற மிருகம் கோமளா. மரத்துல தொங்கீட்டே கெடக்கும். ஒரு வேலையும் செய்யாது.”

“கரன்ட் இல்லாத பிரின்டராட்டவா? சரி, செல்லும்.”

இன்னொரு நாள் ‘ஜோ’ வைத்தார். ஸ்காட்லாந்துப் பக்கம் காதலிக்குச் சொல்வது. அதை அம்மாவிடம் சொல்ல அப்பாவுக்கு வரவில்லை. “அது… வேண்டப்பட்டவங்கன்னு வெச்சுக்க” என்றார்.

“யாருக்கு வேண்டப்பட்டவங்க?”

“பொதுவா.”

“பொதுவா வேண்டப்பட்டவங்க எப்புடிங்க ஒருத்தி இருப்பா?” என்றாள் அம்மா. சித்தப்பா மேசைமேல் கவிழ்ந்து சிரித்தார். சொல் செல்லவில்லை.

அப்பா பெரிதாக நம்பியது குவாகாவைத்தான். க்யூ எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு பல சுற்று காத்திருந்து வைத்தார். “வரிக்குதிரையாட்ட ஒண்ணு கோமளா. முன்னால வரி, பின்னால வெறும் பழுப்பு. ஆப்பிரிக்காவுல இருந்துது. இப்ப இல்ல. கடைசி ஒண்ணும் செத்துப்போச்சு.”

“இல்லாததுக்குப் பேரு எதுக்குங்க? எடுங்க.”

அப்பா அகராதியைத் திறந்து படத்தையே காட்டினார். “படம் இருக்குது, மிருகம் இல்லீல்ல?” என்றாள். அப்பா எழுத்துகளைத் திரும்பப் பொறுக்கினார். அன்றைக்கு ரசத்தைத் தொடாமல் நேராக மோருக்குப் போனார்.

சித்தப்பா இசட் ஆள். அகராதி இல்லாத பிரதேசத்தில் அவர் ராஜா. ஜார்ஃப் என்பது பிடி இல்லாத காபிக் கிண்ணத்தைத் தாங்கும் உலோகக் கூடு என்றார். அப்பா நம்பவில்லை. அம்மா டீ கிளாஸைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டிருந்தாள். “நமக்கும் ஒண்ணு வேணும்” என்று ஒத்துக்கொண்டாள். யெக்ஸ் என்றால் விக்கல் என்றார். செல்லும். ஒரு நாள் இசட்டில் தொடங்கி ‘ஜவோன்’ என்று வைத்தார்.

“அப்புடின்னா?”

“மழை வர்றதுக்கு முன்னாடி ஆடுக எல்லாம் ஒண்ணு போலக் கத்தும்ல மதினி. அந்தச் சத்தம்.”

அம்மாவின் ஊரில் பட்டி நிறைய ஆடு. அவள் முகம் மாறிவிட்டது. “அதுக்கு ஒரு வார்த்த வேணும்தானுங்க. பாருங்க, வெள்ளக்காரன் கவனிச்சிருக்கான்.”

“அவன் ஊருல தெனமும் மழ. ஆடு எப்பக் கத்தும்?” என்று அப்பா முனகினார். ஆனால் சொல் செல்லுபடியானது. எக்கச்சக்கப் புள்ளி.

இந்தச் சமயத்தில் ஒரு விபத்து நடந்தது. அட்டைச் சில்லுகள் பலகை நிறைய இருந்தபோது கரன்ட் வந்தது. அணைக்க மறந்த ஸ்டாண்ட் ஃபேன் சுற்றியது. ஆட்டம் முழுவதும் பறந்து மைக் கலவை வாளியில் விழுந்தது. அப்பா ஜெயித்துக்கொண்டிருந்தார். அதனால் அவருக்கு அது பேரிழப்பு. காற்றுக்குப் பறக்காத சில்லு நானே செய்கிறேன் என்றார்.

செய்தார். துணியில் எழுத்தை அடித்து, வெட்டி, கனமான பிளைவுட் சில்லில் ஒட்டினார். அழகாக இருக்கட்டும் என்று பஃப் மையில் அடித்தார். பஃப் மை சூடு காட்டினால் பணியாரம்போல உப்பிக்கொண்டு வரும். குழந்தைச் சட்டையில் ஆட்டுக்குட்டிக்குக் கம்பளி வேண்டுமென்றால் அதில்தான் அடிப்பார்கள். எழுத்துகள் கும்மென்று எழும்பி நின்றன. பார்த்தவரெல்லாம் தடவிப் பார்த்தார்கள். தடவிப் பார்த்ததில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிரின்டிங்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

அதற்குப் பிறகு அப்பா தோற்கவில்லை. எஸ் வேண்டுமென்றால் எஸ் வந்தது. எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுச் சில்லு பெரும்பாலும் அவர் பக்கமே சேர்ந்தது. பொருள் சொல்லி அம்மாவைச் சமாதானம் செய்வதிலும் கை தேர்ந்துவிட்டார். சித்தப்பா சில வாரம் பொறுத்தார்.

“அண்ணே, பைக்குள்ள என்ன, மாவு பெசையிறீகளா?”

“நல்ல எழுத்தா வரட்டுமின்னு சாமி கும்புட்டுட்டு எடுக்கறனுங்க.”

“சாமியா? பஃப் எழுத்து கைக்குத் தெரியும்ல. நீங்க வெரலால படிக்கிறீக.”

அம்மா நறுக்குவதை நிறுத்தினாள். அப்பா எழுந்து நின்றார். கோபம் வந்தாலும் அவருக்கு ‘ங்க’ போகாது.

“ஏனுங்க பாண்டி, என்னையத் திருடன்னு சொல்றீங்களா?”

“உங்களச் சொல்லலண்ணே. வெரலத்தான் சொன்னேன்.”

“வெரலும் என்னோடதுதானுங்க!”

சித்தப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் முதல் பிலிம்களை அவர் மனைவி ரோஸ்மேரி சித்தி கொண்டுவந்து கொடுத்தார். “அவரு வேலையா இருக்காரு” என்பார். நாலு கடை தள்ளி சித்தப்பா கதவோரம் சும்மா நிற்பது எங்கள் வாசலிலிருந்தே தெரியும்.

அப்பா தனக்குத் தானே ஆடினார். மேசையின் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. பொருள் கேட்க அம்மாவைக் கூப்பிட்டார். “நீங்களே வெச்சு நீங்களே செயிக்கறதுக்கு நான் எதுக்குங்க?” என்று அவள் வரவில்லை. ஒருமுறை தன்னிடமே தோற்று அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“நான் தடவிப் பாத்து எடுக்கறனா கண்ணு?” என்று என்னிடம் கேட்டார். உண்மையாகவே கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்றேன். அம்மாவின் துண்டால் அவர் கண்ணைக் கட்டினேன். பையில் கையை விட வேண்டும், எழுத்தைச் சொல்ல வேண்டும், பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும்.

“எனக்கு எப்புடித் தெரியும்? சும்மா வாய்க்கு வந்ததச் சொல்றேன்.”

“சொல்லுங்க.”

“பி.” பி வந்தது.

“எஸ்ஸு.” எஸ் வந்தது.

“ஒண்ணுமில்லாதது.” வெற்றுச் சில்லு.

நான் குறித்துக்கொண்டே போனேன். சியையும் ஜியையும் மட்டும் குழப்பினார். அம்மா முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. அப்பா துண்டை அவிழ்த்துத் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அச்சு வெந்ததா என்று வாழ்நாள் முழுக்கத் துணியைத் தடவிப் பார்த்த விரல். அவரைக் கேட்காமலே அது படித்துக்கொண்டிருந்தது.

“வெவரங்கெட்ட வெரலு” என்றார். துண்டை மடித்து வைத்துவிட்டு, “பாண்டிகிட்ட நீ சொல்லீராத. நானே போயிச் சொல்றேன்” என்றார்.

சொல்வதென்று முடிவு செய்ய ஒரு நிமிஷம் ஆனது. போவதற்கு மாதங்கள் ஆயின. வெறுங்கையோடு எப்படிப் போவது என்பார். விரலுக்குத் தெரியாத எழுத்தில் புதுச் சில்லு செய்துகொண்டு போக வேண்டும். அதற்கு டிஸ்சார்ஜ் மைதான் சரி. அது துணிமேல் உட்காராது. துணியின் சாயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை எழுத்தாக விட்டுவிடும். தடவினால் வெறும் துணி. ஆனால் ஸ்கிரீன் செய்யப் பிலிம் வேண்டும். பிலிம் வேண்டுமென்றால் ஜெயபாண்டி.

அப்பா தந்திரம் செய்தார். நல்லூரில் வேறொரு பிலிம் கடைக்குப் போய் ரகசியமாகக் கொடுத்தார். பிலிம் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் “அட” என்றார். மூலையில் சின்னதாக ஒரு நட்சத்திரம். எல்லா பிலிமிலும் ஜெயபாண்டி போடுகிற நட்சத்திரம். நல்லூர்க்காரர் மெஷின் பழுதாகி வேலையை அவரிடமே அனுப்பியிருந்தார்.

“தெரிஞ்சு போச்சு அவுருக்கு” என்றார் அப்பா. பிறகு இன்னும் உற்றுப் பார்த்தார். “கண்ணு, இங்க வா. இசட்டு எத்தன இருக்கோணும்?”

“ஒண்ணுதானுங்கப்பா.”

“ரெண்டு போட்டிருக்கறாரு பாரு. நக்கலப் பாரு.” ஆனால் முகம் மலர்ந்திருந்தது. இரண்டையும் அடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் நான் ஒட்டினேன்.

இனிப் போக வேண்டியது மட்டுமே பாக்கி. இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரியும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். மண்ணரையிலிருந்து அருள்புரம் ஒரு மொபெட் தூரம்.

சாவு வீட்டுக்குச் சித்தப்பா வந்தார். பந்தலுக்கு வெளியே நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

கருமாதி முடிந்த மறுநாள் ரோஸ்மேரி சித்தியோடு வீட்டுக்கு வந்தார். அம்மா டீ போட்டாள். அன்றைக்கு எதையும் நறுக்காமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று, “அந்தக் குவாகாவ அன்னைக்கு ஒத்துக்கிட்டிருக்கலாமுங்க தம்பி” என்றாள். “இல்லாமப் போனாலும் பேரு வேணுமாட்ட இருக்குது.”

நான் சோதனை செய்ததைச் சொன்னேன். அப்பாவின் விரலைப் பற்றிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்ததையும் சொன்னேன்.

“பிலிம் போட்டதே நான்தான தாயி. ஏயிலருந்து இசட் வரைக்கும், மூலையில புள்ளி நம்பரோட. திருப்பூருல இத வேற எந்தக் கிறுக்கன் கேப்பான்?”

“இசட் ரெண்டு இருந்துதுங்க சித்தப்பா.”

அவர் அம்மாவைப் பார்த்தார். “அது அண்ணனுக்குப் போட்டது. அந்த ஜவோன் இருக்குல்ல மதினி. அது நானா விட்டது.”

“எதுங்க? ஆடு கத்தறதா?”

“ஆமா. அகராதியில இசட்டே இல்லேல்ல. விட்டுப் பாத்தேன். நீங்க அம்புட்டு சந்தோசமா ஒத்துக்கிட்டீக. அப்பறம் எப்பிடிச் சொல்றது? அண்ணே வந்து அவரு வெரலச் சொல்லட்டும், நான் என் வாயச் சொல்றேன்னு இருந்தேன்.”

ரோஸ்மேரி சித்தி அவர் முழங்கையில் ஒரு இடி இடித்தார். “மனுசன மூஞ்சிக்கு நேரா திருடன்னு சொல்லிட்டு வந்துட்டு, நீரு என்ன வேல பாத்திருக்கீரு?”

அம்மா யோசித்தாள். “வார்த்த இல்லீன்னா என்னங்க தம்பி? ஆடு கத்துதல்ல.”

அப்பா போனபிறகு முதல்முறையாக அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னாள். நான் வெளியே போய்க் கொக்கியிலிருந்து பையை எடுத்து வந்து சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முடிச்சை மட்டும் அவிழ்த்தார். கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டார். ஒவ்வொன்றாகத் தடவினார்.

“ஒண்ணும் தட்டுப்படல” என்றார். “சுத்தமா அடிச்சிருக்காரு.”

கையை வெறுமனே வெளியே எடுத்தார். பையின் வாயைத் திரும்பக் கட்டினார்.

“எடுத்துட்டுப் போங்க சித்தப்பா. உங்களுக்குத்தான் செஞ்சது.”

“இத நீ குடுக்கக் கூடாது தாயி. அவரு கொண்டாரேன்னு சொன்னது. இருந்த இடத்துல மாட்டி வையி.”

“அப்பா…” என்றேன்.

“செவ்வாக்கெழமன்னுதான சொன்னாரு? எந்தச் செவ்வாக்கெழமன்னு சொல்லலேல்ல?”

மாட்டி வைத்தேன். பை இன்னும் கொக்கியில் இருக்கிறது. வண்டியில் பெட்ரோல் இருக்கிறது. சனிக்கிழமை வரும்போது ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கிறேன்.